செவிலியர் இடைவேளை

1

நியூசிலாந்தில், ஹாமில்டன் நகருக்கு வெளியே, பால் பவுடர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். பாலசுப்பிரமணியம் என்ற என் பெயரை வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒருவர் சொல்லிப் பார்த்தார். பாதியில் மூச்சு வாங்கியது. ‘பால்’ என்று வெட்டிவிட்டார். அவர் சொன்னது வெள்ளைக்காரர்கள் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர். எனக்குக் கேட்டது பசும்பால். ஊரில் தேயிலைத் தோட்டத்து கிளார்க், இங்கே பால் கம்பெனியில் பால், இனிச் சர்க்கரை ஒன்றுதான் பாக்கி என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருடம் டாக்டர் அதையும் என் இரத்தத்தில் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் மெலே என் அறைக்கு வந்தாள். டோங்கா தீவுக்காரி. பிள்ளை பெற்று, விடுப்பு முடிந்து, அன்றுதான் திரும்பியிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: “பால், ஒரு ஷிஃப்டில் ரெண்டு தடவை நான் எக்ஸ்பிரஸ் பண்ண வேண்டியிருக்கும். பரவாயில்லையா?”

எனக்குத் தெரிந்த எக்ஸ்பிரஸ் இரண்டு. ஒன்று மேட்டுப்பாளையத்தில் ஏறி சென்னையில் இறங்குவது. மற்றது, சூப்பர்வைசர் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது: ஊழியர்கள் மனதில் இருப்பதை எக்ஸ்பிரஸ் பண்ண நீங்கள் ஊக்கம் தரவேண்டும். ரயில் இல்லை என்று புரிந்தது. ஆகவே ஊக்கம் தந்தேன்.

“ரெண்டு தடவை என்ன மெலே, எத்தனை தடவை வேண்டுமானாலும். தனியாக எதற்கு? காலை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் பண்ணலாமே.”

“எல்லார் முன்னாலுமா?”

“கூச்சமாக இருந்தால் முதலில் நான் எக்ஸ்பிரஸ் பண்ணிக் காட்டுகிறேன்.”

மெலே என்னையும், என் சட்டையின் முன்பக்கத்தையும் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். அரை மணி நேரத்தில் மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு. அந்தப் பிரிவின் அம்மாள் ஒரு படத்தை மேசைமேல் நகர்த்தினார். தாய்ப்பாலை எடுத்துச் சேமிக்கும் சின்ன பம்ப். “எக்ஸ்பிரஸ் என்றால் இது, பால்” என்றார். மெலேயைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதற்குள் பேக்கிங் பிரிவு முழுக்கச் சொல்லிச் சிரித்து முடித்திருந்தாள்.

வீட்டில் சொன்னேன். மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மகளுக்குப் பதினாறு வயது. பசி, பணம் இரண்டுக்கும் தமிழ், மற்ற எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் என்று வைத்திருப்பவள். காதில் மாட்டியதைக் கழற்றாமலே, “இதைப் போய் எப்படி டாட் ஒருத்தர் தப்பாப் புரிஞ்சுக்க முடியும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“கண்ணு, உங்கப்பனுக்கு இந்த விஷயத்துல இது ரெண்டாவது தடவை.”

காதில் மாட்டியதைக் கழற்றினாள். அது அபூர்வம். அதனால் சொன்னேன். அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். அவளுக்கு விளக்க வேண்டியிருந்த பாதி உங்களுக்கு வேண்டாம்.

2

குன்னூர்ப் பக்கம் தேயிலை விலை விழுந்த வருடங்கள் அவை. இத்தலாரில் தேயிலை வைத்திருந்தவர்கள் கொழுந்து பறிக்கும் கூலிக்குக்கூட இலை விலை போகாது என்று செடியை அப்படியே விட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடி ஆள் உயரத்துக்கு மரமாகி நின்றது. கேத்தியில் கேரட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தேயிலை நட்டவர்கள், தேயிலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி கேரட் நட்டார்கள். அருவங்காட்டில் மளிகைக் கடை வைத்திருந்த என் அப்பா, “கடையில ஒக்காருடான்னா கேட்டியா, எஸ்டேட் உத்தியோகம்னு போனியே” என்று வாரம் ஒருமுறை தவறாமல் வாழ்த்துவார்.

உத்தியோகம் என்பது குன்னூருக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் சின்ன கிளார்க். தற்காலிகம். ஆட்குறைப்புப் பட்டியல் என்று ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அதை டைப் அடித்ததே நான்தான் என்பதால், என் பெயர் அதில் கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது எனக்குத் தெரியும்.

தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அவர்கள் கொண்டுவந்த சொற்களில் ஒன்று ‘பிள்ளை மடுவம்’. தாய்மார்கள் மலையில் நிற்கும்போது கைக்குழந்தைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் கொட்டகை அது. காலையில் ஒருமுறை, மதியத்துக்குமேல் ஒருமுறை மேஸ்திரி விசில் ஊதுவார். கைக்குழந்தைக்காரிகள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, சரிவில் ஓடி மடுவத்துக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவார்கள். அதற்குப் பெயர் பால் நேரம். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்தப் பெயர் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

3

பெரிய துரை, அதாவது தோட்டத்து மேனேஜர், ஒரே வரியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதைத் தமிழில் நோட்டீஸாக எழுதி, ஆபீஸ் பலகையில் ஒட்டச் சொன்னார். வரி இதுதான்: நர்ஸிங் பிரேக்குகள் அனைத்தும் மறு உத்தரவு வரும்வரை ரத்து. அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எனக்கு ஆங்கிலம் படிக்க வரும், புரிய வராது. இப்படி இரண்டு பேர் சேர்ந்துதான் அந்தத் தோட்டத்தை நடத்திக்கொண்டிருந்தோம்.

பெரிய கிளார்க் லீவில் இருந்தார். கேட்க ஆள் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். ஆங்கில டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவன் என்ற கெத்து. அகராதியைப் புரட்டினேன். நர்ஸ் என்றால் செவிலி என்று போட்டிருந்தது. ஆகா, என்ன ஒரு தமிழ்! சாதாரணமாக ‘நர்ஸ்’ என்று எழுதினால் தோட்டத்துக்குக் கௌரவமா? அழகான கையெழுத்தில், சிவப்பு மசியில் அடிக்கோடு போட்டு எழுதினேன்:

‘தோட்டச் செவிலியருக்கு வழங்கப்பட்டுவந்த இடைவேளைகள் அனைத்தும் மறு உத்தரவு வரும்வரை விலக்கிக்கொள்ளப்படுகின்றன.’

துரை கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார், கோயம்புத்தூருக்குப் புறப்பட்டார். வருவது திங்கட்கிழமை.

எங்கள் தோட்டத்தில் செவிலியர் என்றால் ஒரே ஓர் ஆள். டிஸ்பென்சரி ரோஸம்மா சிஸ்டர். கூடலூர்க்காரர். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை டிஸ்பென்சரிக் கதவைச் சாத்திக்கொண்டு சாயா குடிப்பார். அந்த நேரத்தில் கை உடைந்து வந்தாலும் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தச் சாயாவை ரத்துசெய்வதற்கு ஒரு துரைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று வியந்துகொண்டே பசை தடவினேன்.

4

வெள்ளிக்கிழமை காலை விசில் வழக்கம்போல ஊதியது. தாய்மார்கள் வழக்கம்போல மடுவத்துக்கு ஓடினார்கள். நோட்டீஸைப் படித்த மேஸ்திரிக்குப் பால் நேரத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. “சிஸ்டருக்கு இனிமே டீ கெடையாதாம்” என்று மலை முழுக்கச் செய்தி பரவியதுதான் ஒரே மாற்றம்.

பத்தரை மணிக்கு ரோஸம்மா சிஸ்டர் ஆபீஸுக்குள் நுழைந்தார். ஒரு கையில் சாயா டம்ளர். அதை என் மேசையில் டக்கென்று வைத்தார்.

“எந்தா மோனே இது? என்ட சாயாவை வெட்டினது நீயா?”

“ஏனுங்க சிஸ்டர், நானெங்கீங்க வெட்டறது? தொரை உத்தரவுங்க.”

“பதினெட்டு வர்ஷமா இவிட இருக்கேன். முகத்துக்கு நேரா ஒரு வாக்கு சொல்லல. செவிலியராம், செவிலியர்! எடு அந்த ஆர்டரை.”

எடுத்துக் கொடுத்தேன், பெருமையோடுதான். அவர் ஆங்கில வரியைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, டிஸ்பென்சரி வெள்ளைக் கோட்டு குலுங்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, எதற்கென்று தெரியாமலே.

“பாலா, நர்ஸிங்ன்னா நான் இல்லடா. முலையூட்டறது.”

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அந்தச் சொல்லை ஒரு பெண்மணி சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. காது வரைக்கும் சூடானது. அந்தச் சூடு ஆறுவதற்குள் மற்றது புரிந்தது. ரத்தானது சாயா நேரம் அல்ல, பால் நேரம்.

“ஐயோ, இத ஒடனே திருத்தணுங்க சிஸ்டர். திங்கக்கெழம தொரை வந்துட்டாருன்னா என் சீட்டு கிழிஞ்சிருமுங்க.”

சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தேன். அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தவளைப் பார்த்தேன். செல்வராணி. மடுவத்திலிருந்து மலைக்குத் திரும்பும் வழி ஆபீஸைத் தாண்டித்தான். சிஸ்டர் போட்ட சத்தத்தில் நின்றுவிட்டிருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“சின்ன கிளாக்கரய்யா, திருத்தாதீங்க.”

“நீ போம்மா, இது ஆபீஸ் விசயம்.”

“ஆபீஸ் விசயமா? எம் புள்ளைக்கு அஞ்சு மாசம். புட்டிய வாயில வெச்சா துப்புது. நான் போகாட்டி மடுவத்துல ஆயாம்மா சீனித்தண்ணிதான் குடுக்கும். அதக் குடிச்சு எம்மாம் நாளைக்குக் கெடக்கும்? நான் வேலைக்கு வராம பேர விட்டுட்டு நின்னா தோட்டம் குடுத்த லயத்து வீட்டையும் விட்டுட்டுப் போன்னுவாங்க. எங்க போவேன்? கப்பலேறித் திரும்பப் போகவா?”

குரலை உயர்த்தவில்லை. தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னாள். என் பேனா காகிதத்துக்கு ஒரு அங்குலம் மேலே நின்றது. ஒரு பக்கம் என் வேலை. மறுபக்கம், இன்னும் பல் முளைக்காத ஓர் ஆளின் சாப்பாடு. நான் வீரன் என்று எழுத ஆசைதான். உண்மையில், ரோஸம்மா சிஸ்டர்தான் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார்.

5

“இந்தப் பலகையில ஒரு காயிதம் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தப்போ படிச்சேன். பிரசவிச்ச பெண்ணுங்களோட சட்டம். அதை ஒட்டி வெக்கணும்ங்கறதே சட்டம். எவிடே அது?” என்றார் சிஸ்டர்.

எவிடே என்றால், நான் ஒட்டியதற்கெல்லாம் அடியில். கொஞ்ச காலமாகவே நான் அந்தப் பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தேன். பழசைக் கிழிப்பது சோம்பேறித்தனமாக இருந்ததால் மைதாப் பசையைத் தடவிப் புதுசை மேலே ஒட்டுவேன். பலகை ஒரு தலையணை கனத்துக்கு வந்திருந்தது.

சிஸ்டர் சாயாவுக்கு வைத்திருந்த வெந்நீர்க் கெட்டிலை வாங்கி வந்தோம். ஆவி காட்டிக் காட்டி உரித்தேன். செவிலியர் நோட்டீஸை மட்டும் முதலில் முழுசாகக் கழற்றிப் பத்திரமாக வைத்தோம். அப்புறம் நாய்களுக்கு ஊசி போடும் முகாம். அடியில் போனஸ் பற்றிய வருத்தம். அதற்கடியில் கரடி நடமாட்டம். அதற்கடியில் மறுபடி போனஸ், அப்போது வருத்தம் இல்லை, வாழ்த்து. தேயிலைக்கு நல்ல காலம் இருந்த அடுக்கு வரை இறங்கிவிட்டோம். எல்லாவற்றுக்கும் அடியில், பழுப்பேறி, ஓரம் பூச்சி அரித்து, அது இருந்தது. மகப்பேறு நலச் சட்டத்தின் சுருக்கம், அச்சடித்த தமிழில்.

செல்வராணி எழுத்துக் கூட்டி வாசித்தாள். வேலைக்குத் திரும்பும் தாய்க்கு, ஓய்வு நேரம் போக, பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தினமும் இரண்டு இடைவேளை. பிள்ளைக்குப் பதினைந்து மாதம் நிறையும் வரை. அதற்காகக் கூலியில் பிடிக்கக் கூடாது.

“பதினஞ்சு மாசமா!” என்றாள். “பல்லு மொளச்சு என்னையக் கடிக்கிற வரைக்கும் சட்டம் இருக்கா! இம்புட்டு நாளா இத எவன்யா மூடி வெச்சிருந்தது?”

நான் கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

6

திங்கட்கிழமை காலை, ஆபீஸ் வாசலில் பெரட்டு. அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டம். துரை ஜீப்பிலிருந்து இறங்கியபோது பெண்கள் கூடையைத் தோளில் போடாமல் தரையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். முன்வரிசையில் வெள்ளைக் கோட்டு.

“சார், என்னோட சாயாவை எதுக்கு ரத்து செஞ்சீங்க?”

“உங்க டீயா? நான் எதுவும் பண்ணலையே, சிஸ்டர்.”

“கையெழுத்து உங்களோடது. முத்திரை ஆபீஸோடது.” நோட்டீஸை நீட்டினார்.

துரை என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “செவிலியர்ன்னா வாட்?” என்றார். “நர்ஸுங்க சார். அகராதிலயே இருக்குதுங்க.” அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்; அது அப்படியே வரிசையாகப் பரவியது. சிரிக்காத ஒரே ஆள் செல்வராணி. பலகையைக் காட்டினாள்.

“தொரை, இதுவும் ஒங்க ஆபீஸு கடுதாசிதானே? இதுல பால் நேரம் உண்டுன்னு போட்டிருக்கு. கூலி பிடிக்கக் கூடாதுன்னும் போட்டிருக்கு.”

துரை பலகையைப் பார்த்தார். பலகை இப்போது ஒல்லியாக, ஒரே ஒரு காகிதத்தோடு இருந்தது. “இது எங்க இருந்து வந்தது?”

“புதுசு ஒட்ட எடம் பத்தலைங்க சார். பழசைக் கிழிச்சேனுங்க” என்றேன். என் எஸ்டேட் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான பதில். அதுவும் பாதி உண்மை.

“மார்க்கெட் நிலைமை தெரியுமா உங்களுக்கெல்லாம்? ஏலத்துல நம்ம தேயிலை...” என்று ஆரம்பித்தார். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. அவர் தலைக்கு மேலேயும் ஒரு பட்டியல் இருந்திருக்கும்.

“தெரியும் தொரை” என்றாள் செல்வராணி. “தேயிலை விழுந்துச்சு. எம் புள்ள பால் குடிச்சதாலயா விழுந்துச்சு?”

துரை அந்தப் பழுப்புக் காகிதத்தின் முன் போய் நின்றார். படிக்கத் தெரியாத எழுத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அந்த உத்தரவை விலக்கு, ரெண்டு மொழியிலும். புதுசா எழுது. பிரேக் வழக்கம்போல உண்டு, பிடித்தம் இல்லை. நர்ஸிங், செவிலி எல்லாம் வேண்டாம், மேன். இவங்க அதை என்ன சொல்லுவாங்களோ அதையே எழுது.”

எழுதினேன். ‘பால் நேரம் உண்டு.’ மசி காயும் முன்பே செல்வராணி அதை என் கையிலிருந்து வாங்கி, தானே பசை தடவி ஒட்டினாள். சட்டத்துக்கு மேலே அல்ல, பக்கத்தில். விசில் ஊதும் நேரம் இன்னும் வரவில்லை. மேஸ்திரி அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஊதினார். பிள்ளைக்காரிகள் சரிவில் இறங்கி ஓடியதை இப்போதும் பார்க்கிறேன். கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் போல ஓடினார்கள். ரோஸம்மா சிஸ்டர் அங்கேயே, துரைக்கு முன்னாலேயே, நின்றுகொண்டு ஒரு சாயா குடித்தார்.

என் வேலை அதற்குப் பிறகு ஒரு வருடம் தாங்கியது. போனது தேயிலையால்தான், செவிலியரால் அல்ல.

7

கதை முடிந்ததும் என் மகள் கேட்டாள்: “அப்போ மெலேவுக்கு என்ன பண்ணப் போறீங்க அப்பா?” அப்பா என்றாள். பசியும் இல்லை, பணமும் கேட்கவில்லை.

இந்த நாட்டுச் சட்டம் தாய்க்கு இடமும் நேரமும் தரச் சொல்கிறது; அந்த நேரத்துக்குச் சம்பளம் தரவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. மறுநாள் மனிதவளப் பிரிவு அம்மாளிடம் போனேன். தேயிலை விலை தரையில் கிடந்த காலத்தில், படிக்கத் தெரியாத ஒரு காகிதத்தைப் பார்த்து ஒரு துரை தலையசைத்த கதையைச் சொன்னேன். “பால் விற்றுப் பிழைக்கிற கம்பெனி நாம். பால் கொடுப்பதற்குச் சம்பளத்தில் வெட்டினால் மாடுகூடச் சிரிக்கும்” என்றேன். இதையும் ஆங்கிலத்தில் ஏதோ தப்பாகத்தான் சொல்லியிருப்பேன். அம்மாள் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு மேலிடத்துக்கு எழுதினார். பத்து நாளில் பதில் வந்தது. சம்பளத்தோடு இரண்டு இடைவேளை, ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்து அறை, நாற்காலி, ஒரு சின்ன ஃபிரிட்ஜ், உள்ளே தாழ்ப்பாள்.

கதவுக்குப் பலகை அடித்து மாட்டினார்கள். இந்தத் தடவை என்னை எழுத விடவில்லை. தலைமை அலுவலகத்தில், ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு குடித்தவர்கள் எழுதினார்கள்: நர்ஸிங் ரூம்.

மூன்றாம் நாள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கிரெய்க், இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த ஆறடி மனிதர், விரலில் கீறலோடு ஓடிவந்து அந்தக் கதவைத் தட்டினார். “நர்ஸ் இருக்காங்களா? பிளாஸ்திரி வேணும்!” உள்ளேயிருந்து மெலே கத்தியது இரண்டு கட்டடங்களுக்குக் கேட்டது: “இது அந்த நர்ஸ் இல்ல!”

பிளாஸ்திரியை நானே ஒட்டிவிட்டேன். நாள் முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. இத்தனை வருடம் கழித்து, ஆங்கிலேயர் வழிவந்த ஒருவரே என் மொழிபெயர்ப்பைச் சரி என்று விரலை நீட்டிச் சொல்லிவிட்டார்.

அந்தக் கதவைப் படம் எடுத்துச் செல்வராணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, நடந்ததைக் குரலில் சொன்னேன். அவளுக்கு அந்த ஃபோனை வாங்கிக் கொடுத்தது, அன்று புட்டியைத் துப்பிய அதே பிள்ளை. இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். மறுநாள் காலை பதில் வந்திருந்தது. பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம், நடுவில் அதே உயராத குரல்:

“சின்ன கிளாக்கரய்யா, அந்தம்மாவுக்குப் பால் நேரம் கெடச்சிருச்சுல்ல? அது போதும். போர்டுல எத எழுதுனா என்ன? ஆனா ஒண்ணு, அதுக்கு மேல நீங்க எதையும் ஒட்டிப்புடாதீங்க.”